டெஸ்லாவும் பன்னிரண்டடி மண்ணும்

மின்சாரத்தின் வரலாற்றை எழுதியவர்கள் கம்பியைப் பற்றி எழுதினார்கள்; கம்பங்களைப் பற்றி எழுதினார்கள்; விளக்கையும் இயந்திரத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆனால், கம்பியின் மறுநுனி மண்ணுக்குள் சென்று மறைகிற இடத்தில் அவர்களுடைய எழுதுகோலும் நின்றுவிடுகிறது. அந்த இடத்திற்கு அப்பால் நடந்த கதையைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளியை விட்டு ஓய்வு பெற்ற பின்னரும் பழைய மாணவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னைத் தேடி வருவதுண்டு. இக்காலத்துப் பிள்ளைகளில் சிலருக்கு டெஸ்லா சுருள் செய்து பார்ப்பதில் பெரும் மோகம். செப்புக் கம்பியைக் குழாயின்மேல் நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றி, உச்சியில் ஓர் உலோக வளையத்தை வைத்து, அதிலிருந்து மின்னல் போலப் பொறி பறக்கச் செய்கிறார்கள். சுருளைச் சரியாகவே சுற்றிவிடுகிறார்கள். பிறகு வந்து, "ஐயா, எங்கள் மனை முழுவதும் பாறை. எர்த் எப்படிப் போடுவது?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் நாணப்பட ஒன்றுமில்லை. இதே இடரை அந்தச் சுருளுக்குப் பெயர் தந்த நிக்கோலா டெஸ்லாவே 1899-ஆம் ஆண்டில் எதிர்கொண்டார்.

சுருளுக்கு எர்த் எதற்கு என்பதை முதலில் தெளிவு செய்துகொள்வோம். டெஸ்லா சுருளில் கம்பிச் சுருள்கள் இரண்டு. சில சுற்றுகளே கொண்ட முதன்மைச் சுருளில் மின்சாரம் ஒரு விநாடியில் லட்சக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டம் உயரமான துணைச் சுருளைத் தூண்டி அதையும் ஆடச் செய்கிறது. துணைச் சுருளின் மேல்நுனியில் உலோக உருண்டை, கீழ்நுனி மண்ணில். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். பலகை எவ்வளவு வீசி ஆடினாலும் மேலே உத்தரம் அசையாமல் இருக்கவேண்டும். உத்தரமே ஆடத் தொடங்கினால், நாம் உந்துகிற வலிமையெல்லாம் உத்தரத்தை அசைப்பதிலேயே வீணாகிவிடும். துணைச் சுருளுக்கு உத்தரம் மேலே இல்லை, காலடியில் இருக்கிறது. அந்த மண் இணைப்பு தளர்ந்திருந்தால் உச்சியில் பொறி குறுகும். அடியில் பறக்கக்கூடாத இடத்தில் பொறி பறக்கும்.

மண்ணை மின்வழியாகப் பயன்படுத்தலாம் என்று கண்டது டெஸ்லா அல்லர். 1838-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்ற பேராசிரியர் தந்தி அனுப்பும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். நூரம்பர்க்கிற்கும் ஃபியூர்த்திற்கும் இடையே அந்நாட்டின் முதல் நீராவி ரயில் பாதை அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்தது. இரண்டு தண்டவாளங்களையே இரண்டு தந்திக் கம்பிகளாகக் கொண்டால் செலவு மிச்சமாகுமே என்று அவர் முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. ஒரு தண்டவாளத்தில் விட்ட மின்சாரம் மண்ணின் வழியே கசிந்து மற்றத் தண்டவாளத்தை அடைந்துவிட்டது. வேறொருவராயிருந்தால் மண்ணை வைதுவிட்டுப் போயிருப்பார். ஸ்டைன்ஹைலோ, மண் இவ்வளவு எளிதாக மின்சாரத்தைக் கடத்துமானால் இரண்டாவது கம்பியே வேண்டுவதில்லையே என்று எண்ணினார். இரு முனைகளிலும் உலோகத் தகடுகளைப் புதைத்து, ஒற்றைக் கம்பியில் தந்தி அனுப்பிக் காட்டினார். கம்பிச் செலவு பாதியாயிற்று. உலகத்துத் தந்திக் கம்பெனிகளெல்லாம் அவ்வழியைப் பின்பற்றின.

இதனால் ஓர் எண்ணம் வேரூன்றியது. பூமி என்பது கரைகாணாத மின்கடல். அதில் எங்கே கம்பியை நனைத்தாலும் போதும் என்பதே அது. இது பாதி உண்மை. பூமி முழுவதையும் நோக்க மின்தடை மிகச் சொற்பம்தான். ஆனால், நாம் அடிக்கும் முளையிலிருந்து மின்சாரம் அந்தப் பெரும் பரப்பிற்குப் போய்ச் சேரவேண்டுமே! முளையைச் சுற்றியுள்ள மண்ணை வெங்காயத்தின் தோல்களைப் போல அடுக்கடுக்காக எண்ணிப் பாருங்கள். முளையை ஒட்டிய தோல் மிகச் சிறியது. மின்சாரம் முழுவதும் அந்தக் குறுகிய பரப்பின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு வெளியேற வேண்டும். அடுத்தடுத்த தோல்கள் பெரியவை, நெருக்கடி குறைவு. சாதாரண முளை ஒன்றின் மொத்தத் தடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முளையைச் சுற்றிய முதல் ஓரடி மண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. உலகமெல்லாம் இராஜபாட்டையாக இருந்தாலும் வீட்டு வாசல் முட்டுச் சந்தாக இருந்தால் வண்டி வெளியே வருவது எப்படி?

இனி டெஸ்லாவிடம் வருவோம். 1891-இல் அவர் தம் சுருளை நியூயார்க்கில் அறிஞர் சபையில் இயக்கிக் காட்டிப் பெயர் பெற்றார். 1895-இல் அவருடைய ஆராய்ச்சிக்கூடம் தீக்கிரையாயிற்று. புதிதாக ஒன்று அமைத்தார். ஆனால் அவர் விரும்பிய அளவு மின்னழுத்தத்திற்கு நகரத்துக் கட்டடம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே, 1899-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையடிவார ஊருக்குச் சென்றார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரம். வறண்ட, மெல்லிய காற்று. கோடையில் இடியும் மின்னலும் மலிந்த வானம். நண்பரான ஒரு வழக்கறிஞர் நிலத்திற்கும் மின்சாரத்திற்கும் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஊருக்கு வெளியே மரத்தாலான பெரிய கூடம் ஒன்று எழுந்தது. அதனுள் சுமார் 50 அடி விட்டமுள்ள முதன்மைச் சுருள். கூரையைத் துளைத்துக்கொண்டு 142 அடி உயரத்தில் ஒரு கம்பம். அதன் உச்சியில் செப்பு உருண்டை.

அவர் அங்கே நாள்தோறும் எழுதிவந்த குறிப்பேடு இன்று நமக்குக் கிடைக்கிறது. பெல்கிரேடில் உள்ள அவர் பெயரிட்ட காட்சிசாலை அதை 1978-இல் அச்சிட்டு வெளியிட்டது. அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் அதனை ஒருமுறையேனும் புரட்டிப் பார்க்கவேண்டும். பத்திரிகைகள் வருணித்த மந்திரவாதியை அங்கே காணமுடியாது. கம்பியின் நீளத்தையும் சுற்றின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கணக்கிட்டு அலுக்காத ஓர் உழைப்பாளியைத்தான் காண்போம்.

அந்தக் குறிப்பேட்டில்தான் மண் இணைப்பின் கதையும் இருக்கிறது. 12 அடி ஆழத்திற்குக் குழி தோண்டினார்கள். அடியில் 20 அங்குலச் சதுரச் செப்புத் தகடு ஒன்றை வைத்தார்கள். அதன்மேல் கல்கரியைப் பரப்பினார்கள். மண் நனைந்திருக்கும் பொருட்டு இடைவிடாமல் நீரைப் பாயவிட்டார்கள். இத்தனை செய்தும் இணைப்பு நன்றாக அமையவில்லை என்று டெஸ்லா எழுதுகிறார். அடியிலுள்ள பாறை அமைப்பையும், ஓரளவுக்கு மண்ணின் வறட்சியையும் அதற்குக் காரணமாகக் காட்டுகிறார்.

இதில் உள்ள முரணை நேயர்கள் கவனிக்க வேண்டும். எந்த வறட்சியை நாடி அவர் மலையேறினாரோ, அதே வறட்சிதான் அவர் காலை வாரியது. காற்று வறண்டிருந்தமையால் மேல்நுனிக்கு நன்மை. மண் வறண்டிருந்தமையால் கீழ்நுனிக்குத் தீமை. மேலும், அவருடைய நோக்கமோ சாதாரணமானதன்று. பூமி உருண்டை முழுவதையும் மணியைப் போல அதிரச் செய்து, கம்பியின்றியே உலகெங்கும் மின்சக்தியை அனுப்ப எண்ணினார். அந்த ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் ஒரு புயல் விலகிச் செல்லும்போது, அதன் அதிர்வுகள் கூடியும் குறைந்தும் மாறிமாறித் தம் கருவியில் பதிவதைக் கண்டு, பூமியில் நிலையலைகள் எழுகின்றன என்று முடிவு கட்டினார். பூமிக்கும் மேல்வானத்து மின்படலத்துக்கும் இடையேயுள்ள வெளி விநாடிக்கு ஏறத்தாழ எட்டு முறை அதிரக்கூடியது என்பதை 1952-இல் ஷூமான் கணித்துச் சொன்னார். பின்னர் அது அளக்கவும் பட்டது. ஆனால் அது காற்றுவெளியின் அதிர்வு. டெஸ்லா எண்ணியபடி மண்ணுக்குள் ஓடும் அதிர்வு அன்று. அந்த வழியில் மின்சக்தியை உலகெங்கும் விநியோகிக்க இயலாது என்பதே இன்றைய பௌதிகத்தின் தீர்ப்பு. எனினும், பூமியை ஆட்ட முனைந்தவர் முதலில் பன்னிரண்டடி மண்ணோடு மல்லாட வேண்டியிருந்தது என்பதைப் படித்தபோது, அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பு கூடிற்றேயன்றிக் குறையவில்லை.

அந்த ஊரைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. சுருள் இயங்கும்போது தெருவில் நடந்தவர்களின் காலடியில் பொறி தெறித்ததாம்; லாயத்துக் குதிரைகள் இலாடத்தின் வழியே அதிர்ச்சியுற்று ஓட்டம் பிடித்தனவாம். கதைக்குச் சான்று கேட்டால் கதை கொஞ்சம் இளைத்துவிடும். ஆனால் அதிலுள்ள பௌதிகம் இளைக்காது. மண் மின்சாரத்தை எளிதில் ஏற்காதபோது, இணைப்பைச் சுற்றியுள்ள தரையிலேயே மின்னழுத்தம் ஏறி நிற்கிறது. சற்றுத் தள்ளிப் போகப் போகக் குறைகிறது. ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே வேறுபாடு உண்டாகிறது. குதிரைக்கும் மாட்டுக்கும் முன்காலும் பின்காலும் எட்டி இருப்பதால் அந்த வேறுபாடு அதிகம். மின்னல் தாக்கிய மரத்தடியில் மேய்ப்பவன் பிழைத்து மாடு மடிவதற்கும் இதுவே காரணமாவதுண்டு.

1900-ஆம் ஆண்டு ஜனவரியில் டெஸ்லா நியூயார்க் திரும்பினார். மார்கன் என்ற பெருஞ்செல்வர் 1,50,000 டாலர் கொடுக்க இசைந்தார். லாங் ஐலந்தில் வார்டன்கிளிஃப் என்ற இடத்தில் கோபுரம் எழத் தொடங்கிற்று. உயரம் 187 அடி. படத்தில் அதன் காளான் தலையைக் கண்டு வியக்காதவர் இல்லை. நானோ அதன் அடிவாரத்தைப் பார்க்கச் சொல்லுவேன். அங்கே மண்ணுக்குள் சுமார் 120 அடி ஆழத்திற்குக் கிணறு போன்ற குழி இறங்கிற்று; நடுவே சுற்றுப் படிக்கட்டு. அந்தக் கிணற்றிலிருந்து இரும்புக் குழாய்களைத் துண்டு துண்டாக இணைத்துத் தனி இயந்திரங்களால் மண்ணுக்குள் செலுத்தினார்கள். அவை பதினாறு என்றும், 300 அடி சென்றன என்றும் டெஸ்லாவே 1923-இல் நீதிமன்றத்தில் சாட்சியம் கூறினார். கோபுரத்தில் மிகுந்த செலவு பிடித்த பகுதிகளில் இந்த நிலத்தடி வேலை ஒன்று என்றும், இயந்திரம் பூமியை இறுகப் பற்றாவிட்டால் பூமியை அசைக்க முடியாது என்றும் அவர் அங்கே விளக்கினார். கொலராடோவில் பன்னிரண்டடிக் குழி கற்பித்த பாடமே லாங் ஐலந்தில் இத்தனை ஆழத்திற்கு இறங்கிற்று என்பது என் துணிபு.

ஆனால் 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் மாகடலைக் கடந்து கம்பியில்லாச் செய்தியைப் பெற்றதாக அறிவித்துவிட்டார். மார்கன் மேற்கொண்டு பணம் தரவில்லை. கடனுக்காக நிலம் கைமாறியது. 1917-இல் கோபுரம் இடித்து வீழ்த்தப்பட்டது. மண்ணுக்கு மேலே நின்றது போயிற்று.

பிறகு வந்தவர்கள் கனவு காணவில்லை, அளந்தார்கள். அமெரிக்க அரசின் அளவை நிலையத்தைச் சேர்ந்த ஃபிராங்க் வென்னர் 1915-இல், நான்கு முளைகளைச் சம இடைவெளியில் ஒரே கோட்டில் அடித்து மண்ணின் தடையை அறியும் முறையை வகுத்தார். வெளி முளைகள் இரண்டின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, உள்முளைகள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்பது அது. இன்றுவரை அந்த முறை வழக்கில் இருக்கிறது. அதே நிலையம் 1918-இல் மண் இணைப்புகளைப் பற்றி ஒரு தனி அறிக்கையும் வெளியிட்டது. ஸ்டைன்ஹைல் காலத்து நம்பிக்கை எண்ணிக்கைக்கு உட்பட்டது.

எண்களில் இரண்டொன்றைச் சொல்கிறேன், மனத்தில் நிற்கும். ஈரப்பசையுள்ள நல்ல மண்ணில் 10 அடி முளை ஒன்று ஏறத்தாழ 30 ஓம் தடை காட்டுகிறதென்று கொள்வோம். மின்தடையில் அம்மண்ணைப் போல் இருபது மடங்கான பாறைச் சரளையில் அதே முளை ஏறத்தாழ 600 ஓம் காட்டும். முளையைத் தடிமனாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். தடிமனை இரட்டித்தால் தடை பத்தில் ஒரு பங்கு குறையும்; அவ்வளவே. நீளத்தை இரட்டித்தாலோ பாதிக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். ஆனால் பாறையில் நீளமாக அடிப்பது எப்படி? அங்கேதான் எல்லாரும் டெஸ்லாவின் கல்கரிக்கும் தண்ணீருக்கும் திரும்பி வருகிறார்கள்.

நம் நாட்டு எர்த் குழியை அறிந்தவர்களுக்கு அவர் செய்தது புதுமையாகத் தோன்றாது. குழாயைச் சுற்றி மரக்கரியும் உப்பும் மாறிமாறி இட்டு, மேலே புனல் வைத்து நீர் ஊற்றுவது நம்மிடம் நெடுநாள் வழக்கம். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் சித்திரை, வைகாசியில் விடுமுறையன்றும் பியூன் வந்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். ஊருக்குக் குடிக்க நீரில்லாத காலத்தில் இரும்புக் குழாய்க்கு நீரா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன மறுமொழிகளை வானொலியில் சொல்ல இயலாது. உப்பினால் தடை உடனே இறங்குவது மெய். ஆனால், உப்பு மழையில் கரைந்து போய்விடும். இருக்கும்வரை உலோகத்தை அரிக்கும். அருகில் கிணறோ செடியோ இருந்தால் அவற்றையும் கெடுக்கும். இக்காலத்தில் அதற்கு மாற்றாகப் பென்டோனைட் என்னும் களிமண்ணைக் குழைத்து இடுகிறார்கள். அது நீரை ஈர்த்து ஊதிப் பருத்து, முளையை இறுகத் தழுவிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம்விட வியப்பான விடை பாலைவனத்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வெடிகுண்டுகளைச் சேமிக்கும் அறைகளை மின்னலிலிருந்து காக்கவேண்டியிருந்தது. மழையோ அரிது, மண்ணோ சருகு. ஹெர்பர்ட் யூஃபர் என்ற பொறியாளர் மண்ணை நம்பாமல் கட்டடத்தின் அடித்தளத்தையே நம்பினார். கான்கிரீட்டினுள் கிடக்கும் இரும்புக் கம்பிகளோடு மின்னல் தாங்கிக் கம்பியை இணைத்தார். கான்கிரீட் காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சுற்றியுள்ள மண்ணை விரிந்த பரப்பில் தொடும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அளந்தபோது அவ்விணைப்புகள் இரண்டு முதல் ஐந்து ஓம் அளவிலேயே நின்றன. 1960-களின் தொடக்கத்தில் அவர் இதை அறிஞர்முன் வைத்தார்; இன்று அமெரிக்க மின்கம்பி விதிகளில் அம்முறை இடம்பெற்றிருக்கிறது. புதிதாக வீடு கட்டுபவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இனி, என்னிடம் கேள்வி கேட்ட பிள்ளைகளுக்கு வருகிறேன். ஓர் எச்சரிக்கையை முதலில் சொல்லியாக வேண்டும். சுருளின் அடிநுனியை வீட்டு எர்த் கம்பியில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. வீட்டு எர்த் விநாடிக்கு ஐம்பது முறை மாறும் சாதாரண மின்சாரத்திற்கு அமைந்தது. லட்சக்கணக்கான முறை ஆடும் மின்சாரத்தை அதில் விட்டால், அது நல்வழியாக மண்ணுக்குள் போகாது; வீடு முழுவதும் எர்த் கம்பி செல்லும் இடமெல்லாம் ஏறி இறங்கும். வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சியும் கருகும். பக்கத்து வீட்டாருடையதும் கருகலாம். மின்மாற்றியின் இரும்புக் கூட்டை வீட்டு எர்த்தோடு சேர்ப்பது உயிர்க்காப்பு, அதை விடக்கூடாது. துணைச் சுருளுக்கோ தனி முளை வேண்டும். உச்சியில் பறக்கும் பொறியைக் கண்டு அஞ்சுகிற பிள்ளைகள், முதன்மைப் பக்கத்து மின்மாற்றியையும் மின்தேக்கியையும் அலட்சியமாகத் தொடப் போகிறார்கள். கொல்லக்கூடியது அதுதான். பெரியவர் ஒருவர் துணையின்றி இதைத் தொடலாகாது.

அந்தத் தனி முளைக்குப் போகும் வழி குறுகியதாக இருக்கட்டும். இவ்வளவு வேகமாக ஆடும் மின்சாரத்திற்கு நீண்ட கம்பியே ஒரு தடுப்பு. பத்து மீட்டர் கம்பியில் நல்ல எர்த்தின் பயன் பெரிதும் போய்விடும். உருண்டைக் கம்பியைவிட அகன்ற செப்புப் பட்டை மேலானது. ஒரு முளை போதாவிட்டால் பல முளைகள் அடிக்கலாம். ஆனால் நெருக்கி அடித்தால் ஒன்றின் மண்ணை மற்றொன்று பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு முளையின் நீளத்தைப் போல் இரு மடங்காவது இடைவெளி வேண்டும்.

முளையே இறங்காத பாறையானால் என்ன செய்வது? டெஸ்லா தம் தகட்டின்மேல் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கிலாந்தில் லிவர்பூலில் ஆலிவர் லாட்ஜ் என்ற பேராசிரியர் வேறொரு வழியை எண்ணியிருந்தார். கம்பியில்லாத் தந்திக்கு மண் இணைப்பு அலைகளின் இசைவைக் கெடுக்கிறது என்று கருதி, மேலே ஓர் உலோகப் பரப்பும், தரைக்குச் சற்று மேலே மண்ணைத் தொடாமல் இன்னோர் உலோகப் பரப்பும் அமைத்தார். மண் செய்ய வேண்டிய வேலையைக் கீழ்ப்பரப்பு செய்தது. லாட்ஜ், மூர்ஹெட் இருவர் பெயராலும் வழங்கிய அந்த ஏற்பாட்டைக் கொண்டு 1905-இல் அந்தமான் தீவுக்கும் பர்மாக் கரைக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி ஓடிற்று.

பாறைமேல் வீடு கட்டியிருக்கும் பிள்ளைக்கும் அதுவே வழி. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையை வாங்கிச் சுருளின் அடியில் தரைமேல் விரித்து, துணைச் சுருளின் கீழ்நுனியை அதனோடு இணைக்கலாம். உச்சியிலிருந்து காற்றின் வழியே திரும்பும் மின்சாரத்தை வலை ஏந்திக்கொள்ளும். இயங்கும் வேளையில் வலையும் மின்னேறி நிற்குமாதலால் அதன்மேல் ஒருவரும் நிற்கக் கூடாது. முதன்மைச் சுருளுக்கு நேர் அடியில் வலை மூடிய வளையமாக அமையாதபடி ஒரு பக்கம் வெட்டி விடவேண்டும். இல்லையேல் வலையே சுருளின் சக்தியை உறிஞ்சும். வலையின் விளிம்பு, துணைச் சுருளின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது நாற்புறமும் வெளியே நீண்டிருக்கட்டும்.